சவுரிராயன் ஏற்றிய மணி

சவேரியார்பட்டு கோயில் மணி சவுரிராயனைவிட இருபது வயது மூத்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில் பிரான்சிலிருந்து கப்பலேறிப் புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து மூன்று நாள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்த வெண்கல மணி அது. எடை அறுநூற்று இருபது கிலோ. ஐம்பதுகளில் அடித்த ஒரு புயலில் கோயிலின் பழைய கோபுரம் சரிந்தபோது மணி கீழே வந்து விழுந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பத்து ஆள் சேர்ந்து அதை உருட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் விட்டார்கள். அதற்கப்புறம் அதற்குள் கோழிகள்தான் அடைகாத்தன. பூசைக்கு நேரமானால் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் அந்தத் தகரச் சத்தத்துக்குத்தான் எழுந்து நடந்தது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெரிய ரோட்டில், கூட்டேரிப்பட்டுத் தாண்டி இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் சவேரியார்பட்டு. நூற்றுப் பத்து வீடுகள். மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கவும் கரும்பு வெட்டவும் கூலிக்குப் போகிற குடும்பங்கள். அந்த ஊரில் பிறந்து பட்டாளத்துக்குப் போய், பிறகு இஞ்சினியர் ஆனவர் சவுரிராயன் ஒருவர்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில், பங்குச் சாமியார் மரியசூசை அவர் வீட்டுக்கு வந்தார். சவுரிராயனின் மனைவி பூமாலை முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். சாமியாரின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சங்கடமான சேதி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இஞ்சினியர் ஐயா, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. வேற ஒரு பங்குக் கோயில்ல புதுசா கோபுரம் கட்டியிருக்காங்க. மணி இல்ல. நம்ம மணி சும்மா தானே கெடக்குதுன்னு கேக்குறாங்க.”

“சும்மா கெடக்கல, சாமி. காத்துக்கினு இருக்குது,” என்றார் சவுரிராயன்.

“எதுக்கு?”

“கோபுரத்துக்கு.”

சாமியார் சிரித்துவிட்டார். பூமாலை சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். இந்த மனிதர் இந்தக் குரலில் ஒரு சொல் சொன்னால் அடுத்த ஒன்றரை வருஷத்துக்கு வீட்டில் நிம்மதி இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் ஆன புதிதிலேயே அவளுக்கு அது பழகிப்போயிற்று. முப்பத்தொன்பதில் தாலி கட்டினார். அப்போது அவர் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் ஒன்பது வருஷம் சர்வீஸ் முடித்தவர். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. லீவு முடிந்து போனவர் அப்படியே சண்டைக்குப் போய்விட்டார். பர்மாவிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுபோனது. பதினாலு மாதம் ஒரு வரி இல்லை. உறவுக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்து, செத்தவர்களுக்குச் செய்கிற பூசையை அவர் பேரில் வைத்தார்கள். பூமாலை அந்தப் பூசைக்குப் போகவில்லை. “எனக்குக் கடுதாசி வரலன்னுதான் தெரியும். செத்துட்டாருன்னு எனக்கு யாரும் சொல்லல,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சவுரிராயன் இளைத்துக் கறுத்து, மலேரியாவில் பாதியாகி, ஒரு நாள் சாயங்காலம் லீவில் முதுகில் பையோடு வந்து நின்றார். தனக்குப் பூசை முடிந்துவிட்டது என்று கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“பூசை வீணாப் போகாது, பூமாலை. என் கூட இருந்த ரெண்டு பேரு சின்ட்வின் ஆத்தோட போயிட்டானுங்க. அத அவனுங்க கணக்குல எழுதிக்கச் சொல்லி நான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கறேன்.”

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்த இரண்டு பேர் பெயரில் பூசை கேட்பார். ஒரு வருஷமும் தவறியதில்லை.

சண்டை முடிந்து நாற்பத்தாறில் ஹவில்தாராக வெளியே வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு பெரிய கோயிலுக்குப் பூமாலையைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் அங்கே இவர்கள் சாதிக்கு இடம் கோயிலின் பக்கத்துச் சிறகில்தான். நடுக்கோயிலில் உட்காரக் கூடாது. சவுரிராயன் பட்டாளத்துச் சட்டையில், மார்பில் மெடல்களோடு நடுவில் நடந்து போய், பீடத்துக்கு நேராக முழங்கால் போட்டார். அவர் பக்கத்தில் அவளும் முழங்கால் போட்டாள்.

ஒருவர் வந்து குனிந்து, “உங்க எடம் அந்தாண்ட,” என்றார்.

“சாமி இந்தாண்ட இருக்காரே,” என்றார் சவுரிராயன், திரும்பிப் பார்க்காமல்.

பூசை முடியும்வரை அவர் முழங்காலை எடுக்கவில்லை. யாரும் அவரைத் தொடவும் துணியவில்லை. மறு ஞாயிறு அவருக்குப் பின்னால் நாலு குடும்பம் முழங்கால் போட்டது. அதற்கு மறு ஞாயிறு பத்து. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துச் சிறகில் சைக்கிள்கள்தான் நின்றன.

பொதுப்பணித் துறையில் ஓவர்சீயர் வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்புப் படிப்பும் பட்டாளத்துச் சர்டிபிகேட்டும்தான் கையில். மேலே இருந்த ஓர் அதிகாரி, “உனக்கு அனுபவம் இருக்குது, படிப்பு இல்லயே,” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஏ.எம்.ஐ.இ. பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். இஞ்சினியரிங் காலேஜ் வாசலை மிதிக்காதவர்கள் எழுதி இஞ்சினியர் ஆகக்கூடிய பரீட்சை அது. காலையில் நாலு மணிக்கு எழுந்து ஜெபமாலை சொல்வார், அதற்கப்புறம் புத்தகம். ஒரு பேப்பர் மட்டும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. “இந்தக் கால்குலஸ் மட்டும் தயவு பண்ணிட்டா போதும்,” என்று புலம்புவார். லத்தீன் பூசையில் அகுஸ்தினுஸ், இக்னாசியுஸ் என்று கேட்டுப் பழகிய பூமாலை, கால்குலஸும் ஏதோ ஒரு புனிதர்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாள். அவருக்கும் தினம் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி வேண்டிக்கொண்டாள். நாலு முறை தோற்று, ஐந்தாம் முறை, நாற்பத்தைந்தாவது வயதில் சவுரிராயன் பாஸ் செய்தார். அவள் வேண்டிக்கொண்டது தெரிந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். “யாரு கண்டா, அந்தப் புனிதரு கேட்டாலும் கேட்டிருப்பாரு,” என்றார்.

ஆகையால் எண்பத்தைந்தில், எழுபத்து நாலு வயதில், கோபுரம் கட்டப்போகிறேன் என்று அவர் சொன்னபோது பூமாலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “எப்ப ஆரம்பிக்கறீங்க?”

சாமியார் நல்லவர். ஆனால் அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. அடுத்த வருஷம் சவேரியார் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் மணி கோபுரத்தில் இருந்தால் மணி இந்த ஊருக்கு. இல்லையென்றால் அந்தப் பங்குக்காரர்கள் லாரி கொண்டுவந்து ஏற்றிப் போகலாம்.

சென்னையிலிருந்து கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். காலால் தரையை இரண்டு தட்டு தட்டினார்.

“களிமண் சார் இது. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கோபுரம் சாயும். அப்படியே நின்னாலும் மணிய ஏத்த கிரேன் வேணும். ஊருக்குள்ள வர்ற வழியில இருக்கற மதகு மேல கிரேன் வந்தா மதகு ஓடையில இருக்கும்.”

“ரொம்ப டேங்க்ஸுங்க,” என்று கைகூப்பி அனுப்பிவிட்டு, சவுரிராயன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

களிமண் எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும் தோண்டினார். ஒன்பதடியில் கெட்டியான சரளை வந்தது. அங்கிருந்து ஆற்று மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டார். ஊரில் கொத்தனார் சின்னக்கண்ணு இருந்தான். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த மண்ணாங்கட்டி, பூமாலையின் பெரிய அண்ணன் மகன், ஐம்பது வயதுக்காரன். இந்த இரண்டு பேரும் கூலி கேட்காமல் ஞாயிறு பூசை முடிந்ததும் வேலைக்கு வந்தார்கள். கல்லும் மணலும் சுமந்தது பெண்கள். வயலிலிருந்து திரும்பும்போது ஆளுக்கு நாலு சட்டி மண் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மழைக்காலம் ஒன்று வந்து போயிற்று. சவுரிராயன் வாரம் ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். கோபுரம் ஒரு நூல் சாயவில்லை.

முப்பத்தெட்டு அடி, மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நாலரையடி அகலம் ஆறடி நீளத்துக்கு ஓட்டை விட்டுத் தளம் போடச் சொன்னார். சின்னக்கண்ணுக்கு விளங்கவில்லை.

“இது இன்னாத்துக்கு மாமா, கெணறு மாதிரி?”

“கெணறேதான்டா. வாளி கெணத்துக்குள்ளாற ஏறுது இல்ல? மணியும் அப்பிடித்தான் ஏறப்போவுது. வெளிய கிரேன் நிக்கறதுக்கு எடம் எதுக்கு?”

எண்பத்தாறு நவம்பர் கடைசி சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் பெய்த மழை விட்டு வெயில் அடித்தது. மதகுக்கு அந்தப் பக்கம் லாரி வந்து நின்றுவிட்டது. அதிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். சாமியார் அவர்களை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மணி ஒன்பதரை.

கோபுர உச்சியில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கே கிடந்தன. அதில் தொங்கிய இரட்டைக் கப்பியும், மணியின் தலையில் மாட்டிய இரட்டைக் கப்பியும் ஆலையிலிருந்து மண்ணாங்கட்டி கேட்டு வாங்கி வந்தவை. மணியின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் ஐந்தடித் தேக்குக் கட்டை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். கயிறு உச்சியிலிருந்து இறங்கி, அடிக் கப்பியில் திரும்பி, வாசல் வழியாக மைதானத்துக்கு நீண்டது. அங்கே புதைத்திருந்த கருங்கல் தூணில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி மண்ணாங்கட்டி நின்றான். கை நழுவினாலும் தூண் பிடித்துக்கொள்ளும்.

கயிற்றைப் பிடிக்க ஆண்கள் முன்னால் வந்தார்கள். சவுரிராயன் தலையை ஆட்டினார்.

“நீங்க ஒரே மூச்சுல இழுப்பீங்க. எனக்கு ஒண்ணா இழுக்கறவங்க வேணும். நடவு நட்டவங்க வரட்டும்.”

வீரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். நாற்பது வயது, நடவுக்குத் தலைமையாகப் பாட்டெடுப்பவள். அவள் பின்னால் இருபத்துமூன்று பெண்கள்.

“இஞ்சினியரு மாமா, இம்மாங்கனம் எங்களால ஆவுமா?”

“நாலு கயிறு பாரத்தப் பங்கு போட்டுக்கும் வீரம்மா. உன் பங்குக்கு வர்றது ஒரு கொடம் தண்ணிகூட இல்ல. நான் சொல்றப்ப இழு, நிறுத்துன்னா நிறுத்து. அது போதும்.”

சவுரிராயன் காக்கிச் சட்டை போட்டிருந்தார். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்ததும், அவர் குரல் முப்பது வயது குறைந்ததுபோல் எழுந்தது.

“தய்யார்! கீஞ்சோ!”

பட்டாளத்து இந்துஸ்தானியில் சொன்னால்தான் அவருக்கு வேலை ஓடும். கீஞ்சோ என்றால் இழு, ஆஹிஸ்தா என்றால் மெதுவாக, ரோக்கோ என்றால் நிறுத்து என்று பெண்கள் ஒரு வாரமாகப் பழகியிருந்தார்கள். இருபத்துநாலு பேர் ஒரே அடி பின்வாங்கினார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு மணி தரையை விட்டு எழுந்தது. கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள்.

“ஆஹிஸ்தா! ஆஹிஸ்தா!”

அடி அடியாக மணி ஏறியது. முதல் தட்டைத் தாண்டியது. பூமாலை கோபுர வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தட்டின் ஓட்டையில் மணியின் தலை நுழையப்போனது. அப்போது ‘கர்ர்’ரென்று ஒரு சத்தம். கயிறு விறைத்தது. மேலே இருந்து சின்னக்கண்ணு கத்தினான்.

“மாமா, மாட்டிக்கிச்சு! கட்ட தளத்துல முட்டிக்கினு நிக்குது!”

“இன்னொரு தம் புடிச்சா வந்துடும்டி!” என்று வீரம்மாள் காலை ஊன்றினாள்.

“ரோக்கோ!”

அப்படி ஒரு சத்தம் அவர் போட்டு யாரும் கேட்டதில்லை. பெண்கள் கல்லாக நின்றார்கள். மண்ணாங்கட்டி தூணில் இன்னொரு சுற்று போட்டான். வெள்ளை வேட்டிக்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாகப் பத்து நிமிஷம்.

சவுரிராயன் ஏணியில் கால் வைத்தார்.

“ஏங்க, உங்களுக்கு வயசு இன்னா ஆவுது?” என்று பூமாலை அவர் சட்டையைப் பிடித்தாள்.

“ஏணிக்கு அது தெரியாது,” என்றவர் ஏறியே விட்டார்.

பூமாலை ஜெபமாலையை இடுப்பிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு படியாக மேலே போகிற அந்த நரம்போடிய கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தட்டில் சவுரிராயன் குப்புறப் படுத்து ஓட்டையில் எட்டிப் பார்த்தார். பிறகு மேலேயிருந்து அவர் சிரிப்பு கேட்டது.

“பூமாலை! மணி மேல தப்பில்ல. கயிறு புதுசு. பாரம் தாங்கி முறுக்கு அவுருது, மணியையும் சேத்துத் திருப்புது. கட்ட நீளவாட்டுல வராம குறுக்க திரும்பிக்கிச்சு. அரையடி கீழ எறக்கி நேராக்கினாப் போதும்!”

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்டுவதுபோல், கட்டையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மெல்லிய கயிறு கட்டிக் கீழே விட்டார். மணி திரும்பாமல் அந்த இரண்டையும் கீழிருந்து எதிரும் புதிருமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றைச் சாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். மற்றதற்கு யார் என்று பார்ப்பதற்குள் பூமாலை அதைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“நீ வாணாம்டி,” என்றார் மேலிருந்து.

“உங்க வேலையப் பாருங்க நீங்க!”

இறக்குவதுதான் பயம். ஏற்றுகிறபோது கை வலிக்கும். இறக்குகிறபோது மனசு நடுங்கும். “மண்ணாங்கட்டி, தூண்ல வுட்டுக் குடு. விரக்கடை விரக்கடையா,” என்றார் சவுரிராயன். பெண்கள் கயிற்றை விடாமல் ஓரடி முன்னால் வந்தார்கள். மணி ஆறங்குலம் இறங்கியது. பூமாலை இழுத்தாள், சாமியார் இழுத்தார். கட்டை மெல்லத் திரும்பி ஓட்டையின் நீளத்துக்கு நேராக வந்து நின்றது.

“கீஞ்சோ!”

இந்த முறை எதுவும் முட்டவில்லை. மணி இரண்டாம் தட்டைத் தாண்டியது. மூன்றாம் தட்டையும் தாண்டி வளைவுகளுக்கு நடுவில் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வயல் வரப்புகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். சின்னக்கண்ணு கட்டையைத் தாங்கிகளில் உட்காரவைத்துப் போல்ட்டை முடுக்கினான். நாக்கை மாட்டி, கயிறு கட்டிக் கீழே விட்டபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

சவுரிராயன் இறங்கி வந்தார். முழங்காலெல்லாம் சிமெண்டுப் பொடி. சாமியார் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் வேறு யாருக்காவது கொடுப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கொடுக்கவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டார், சிலுவை அடையாளம் போட்டார், பன்னிரண்டு ஆகும்வரை விறைப்பாக நின்று காத்திருந்தார். பிறகு உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தார்.

மணி பேசிற்று. அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்த கிழடுகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மணி திரும்பி ஆடியபோது கயிறு விருட்டென்று மேலே போயிற்று. கூடவே எழுபத்தைந்து வயது ஹவில்தாரும் தரையிலிருந்து ஓரடி மேலே போனார். காற்றில் கால் தொங்க, கயிற்றை விடாமல், குழந்தைபோல் சிரித்தார். பூமாலை ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஊரே சிரித்தது. மத்தியான மணிக்குச் சொல்கிற திரிகால ஜெபத்தை அன்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அழுகையும் சிரிப்புமாகத்தான் முடிந்தது.

வெள்ளை வேட்டிக்காரர்கள் எழுந்து வந்தார்கள். பூமாலை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள், சண்டைக்குத் தயாராக. பெரியவர் சவுரிராயனைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஐயா, நாங்க வேற எங்கயாச்சும் மணி தேடிக்கறோம். கெடைச்சா நீங்க வந்து ஏத்திக் குடுப்பீங்களா? எங்க கோபுரத்துல ஓட்ட வுடாமக் கட்டிட்டோம்.”

“அதுக்கும் வழி இருக்குது. வாங்க, மொதல்ல சாப்புடுங்க,” என்றார் சவுரிராயன். லாரி டிரைவர் உட்பட எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். திரும்பிப் போகும்போது லாரியில் இரண்டு மூட்டை மல்லாட்டையை வீரம்மாள் ஏற்றிவிட்டாள்.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட மூன்று வருஷம் அவர் வீட்டில் தங்கவே இல்லை. நாலு கோயிலில் மணி ஏற்றினார். பக்கத்து ஊரில் திரௌபதி அம்மன் தேர் சேற்றில் அச்சுவரை புதைந்தபோது, அந்த ஊர் சுப்பராயலு கவுண்டரே சைக்கிளில் வந்து கூப்பிட்டார். முன்பு இவர்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு அது. சவுரிராயன் ஷூ போட்டுக்கொண்டு அந்தத் தெருவின் நடுவில் நடந்து போய், ஜாக்கியும் பலகையும் வைத்து ஒன்றரை மணி நேரத்தில் தேரைத் தூக்கிக் கொடுத்தார். கவுண்டர் மாலை போட்டார். அந்த மாலையைக் கொண்டுவந்து சவேரியார் சுரூபத்துக்குச் சாத்தினார்.

எண்பத்தொன்பது ஆகஸ்டில், ஒரு ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பழைய பட்டாளத்துக்காரர்கள் முப்பது பேர் மெடல் குத்திக்கொண்டு வந்து சல்யூட் அடித்தார்கள். பூமாலை அழுதாள். ஆனால் தலை குனியவில்லை.

ஓமந்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலுக்கு மணி ஏற்றித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் கோயில்காரர் துக்கம் விசாரிக்க வந்து, தயங்கித் தயங்கி, “இனிமே அதுக்கு வேற ஆளப் பாக்கணும்,” என்றார்.

“இன்னாத்துக்கு வேற ஆளு? தேதி சொல்லுங்க,” என்றாள் பூமாலை.

அக்டோபரில் ஒரு காலை, மண்ணாங்கட்டி கப்பிகளோடும் சின்னக்கண்ணு தூக்குக்குண்டோடும் ஒரு டிராக்டரில் போய் இறங்கினார்கள். பின்னால் வீரம்மாளும் இருபத்துமூன்று பெண்களும். மணி முந்நூறு கிலோதான். கயிற்றைத் தூணில் சுற்றி எல்லோரும் பிடித்துக்கொண்டதும், அறுபத்தெட்டு வயது பூமாலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். அண்ணாந்து கோபுரத்தை ஒருமுறை அளந்து பார்த்தாள்.

“தய்யார்!” என்று குரல் கொடுத்தாள். “கீஞ்சோ!”